திரேசியா டீச்சரின் ஜன்னல்கள்

1978 ஜூன் 5, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. மழையும் கூடவே வந்து மட்டாஞ்சேரியில் உட்கார்ந்துகொண்டது.

புதுக்கட்டிடம் யாருக்கு என்று லீவு முழுக்க மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் வகுப்பு எடுப்பது இரண்டு பேர். நான் தமிழ் டிவிஷன், திரேசியா மலையாள டிவிஷன். கட்டியிருப்பதோ ஒரே ஓர் அறை. காலையில் ஹெட்மாஷ் சாவியை அவள் கையில் கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டாமல் என்ன செய்ய?

சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு உள்ளே போய்ப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஆள் உயர ஜன்னல். சிவப்பு சிமெண்ட் தரை. ஃபேன். சாய்ந்து உட்காரும் பெஞ்ச். வாசலிலேயே தண்ணீர்க் குழாய். போர்டைச் சுவரோடு பதித்திருக்கிறார்கள், நல்ல கறுப்பு. என் போர்டு வெளுத்துப்போய், எது எழுத்து எது கீறல் என்று நான் வாயால் சொன்னால்தான் பிள்ளைகளுக்குத் தெரியும்.

வயிறு எரிந்தது. இங்கே எழுதாமல் எங்கே எழுத? எரிந்தது.

ஜூன் 7, புதன்

கொட்டுகிற மழையில் அவள் அறையில் ஃபேன் சுற்றுகிறது. மழைக்கு எதற்கு ஃபேன்? நான் பார்க்க வேண்டும் என்றுதானே.

ஜூன் 19, திங்கள்

என் வகுப்பு நடக்கும் ஷெட்டைப் பற்றி ஒரு தடவை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். பின்னால் யாராவது "சீனியம்மாளுக்குப் பாடம் நடத்தத் தெரியாது" என்றால் நானே எடுத்துப் படித்துக்கொள்ளலாம்.

அது ஒரு காலத்தில் சாமான் போட்டு வைத்த இடம். ஒரு பக்கச் சுவருக்கு அந்தப்புறம் மிளகாய் வத்தல், சுக்கு, மிளகுக் கிடங்கு. இருப்பது ஒரே ஜன்னல், அதுவும் கிடங்கைப் பார்த்து. வத்தல் மூட்டை இறங்கும் நாளில் ஜன்னலைச் சாத்தியாக வேண்டும். சாத்தினால் இருட்டு. திறந்தால் வகுப்பே தும்மும், கண்ணைக் கசக்கும். வெளியே கைவண்டிக்காரர்கள் சத்தம். அதை மிஞ்சிக் கத்திக் கத்தி என் தொண்டை ஓட்டைப் பானை மாதிரி ஆகிவிட்டது. ஓடு ஒழுகும் இடங்களில் பிள்ளைகள் உட்காராமல் நகர்ந்து நகர்ந்து ஒரே மூலையில் அடைந்து கிடக்கிறார்கள். விருச்சிகம், நம் கார்த்திகை மாதம், வந்தால் வேலியேற்றம் வேறு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் காயல் தண்ணீர் ஓடை வழியாக ஏறி ஷெட்டுக்குள் வந்துவிடும். காலைத் தூக்கிப் பெஞ்ச்மேல் வைத்துக்கொண்டு பெருக்கல் வாய்ப்பாடு சொல்வோம்.

இதில்தான் என் பிள்ளைகள் படிக்க வேண்டும். முன் வரிசையில் இருக்கும், மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளி பிச்சையின் மகள் மூக்கம்மாள் ஒரு கணக்கு விடாமல் தப்பாகப் போடுவாள். இன்று "மக்கு, மக்கு" என்று தலையில் குட்டினேன். அழவில்லை. கண் சிவந்துதான் இருந்தது, வத்தல் தூசிக்கு.

ஜூலை 12, புதன்

ஹெட்மாஷ் கூப்பிட்டார். தமிழ் டிவிஷனில் தலை குறைந்துகொண்டே போகிறது, மேலே கேட்கிறார்கள் என்றார். இந்த வருஷம் மார்க்கும் இல்லை, பிள்ளைகளும் இல்லை என்றால் டிவிஷனையே எடுத்துவிடுவார்களாம்.

ஷெட்டைப் பற்றிச் சொன்னேன். எப்போதும் போலச் சிரித்தார்.

"கட்டிடமா டீச்சரே பாடம் எடுக்குறது? டீச்சரல்லே? திரேசியா டீச்சரைப் பாரு. போன வருஷம் மரத்தடியில வச்சுப் படிப்பிச்சாலும் அவ பிள்ளைங்க மிடுக்கன்மார், கெட்டிக்காரங்களாக்கும்."

மரத்தடியில் காற்று வரும் மாஷே, வெளிச்சம் வரும், வத்தல் வராது. இதைச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது. எனக்கு எல்லாப் பதிலும் படகுத்துறை தாண்டித்தான் தோன்றும்.

தமிழ் டிவிஷன் போனால் நான் யார்? பத்தாம் வகுப்பு முடித்து டீச்சர் டிரெயினிங் போகிறேன் என்றபோது எங்கள் லைன் வீடுகளில் எத்தனை பேர் சிரித்தார்கள். இந்தப் பிள்ளைகள் அம்மை அப்பனிடம் பேசுகிற பேச்சிலேயே எழுதப் படிக்கக் கற்கிற ஒரே இடம் இது. அதை என் கையில் வைத்துத் தொலைக்கப் போகிறேனா?

ஆகஸ்ட் 18, வெள்ளி

பரீட்சை மார்க். அவள் வகுப்பில் பாதிக்கு மேல் முதல் தரம். என் வகுப்பில் தேறினதே பாதிதான்.

திரேசியா வந்து தோளில் கை வைத்தாள். "சாரமில்லா, பரவாயில்ல சீனி டீச்சரே. அடுத்த தடவை சரியாகும். வா, ஒரு சாயா குடிக்கலாம்."

குடித்தேன். காசும் அவளே கொடுத்தாள். நல்லவளாக இருக்கிறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா? பிள்ளைகளை அடிக்க மாட்டாள், சத்தம் போட மாட்டாள், முகத்தில் எண்ணெய்கூட வழியாது. ஃபேனுக்குக் கீழே நின்றால் எனக்கும் வழியாதுடி அம்மா.

என் வீட்டுக்காரர் நல்லசிவம் சாப்பிட்டுக்கொண்டே சொல்கிறார்: "பக்கம் பக்கமா எழுதுறியே. அந்தம்மா மேல பொறாமைன்னு ஒரு வரியில எழுதிட்டுப் படுக்கலாம்ல?"

எழுதிவிட்டேன். போதுமா?

செப்டம்பர் 25, திங்கள்

ஓணம் லீவு முடிந்து இன்று பெற்றோர் கூட்டம். பிச்சை யூனியன்காரர், தலையில் கட்டின தோர்த்துத் துண்டை அவிழ்க்காமலே எழுந்தார்.

"மாஷே, அந்த வத்தல் மூட்டையை இறக்குறவன் நான்தான். நாங்களே மூக்குல துணி கட்டித்தான் இறக்குறோம். எம் பிள்ளை அதுக்குப் பக்கத்துல இருட்டுக்குள்ள உக்காந்து கணக்குப் போடணுமா? அந்தப் பிள்ளைங்களுக்கு மட்டும் காத்தும் வெளிச்சமுமா?"

பின்னால் நின்ற எல்லோரும் சத்தம் போட்டார்கள். ஹெட்மாஷ் முகம் வெளிறிவிட்டது. மட்டாஞ்சேரியில் சுமட்டுக்காரர்கள் எழுந்து நின்றால் யார் எதிர்த்துப் பேசுவது? கடைசியில் முடிவு: மார்ச் வரை இரண்டு வகுப்பும் அறை மாற்றிக்கொள்ள வேண்டியது.

திரேசியா மறுப்பாள், அழுவாள் என்று பார்த்தேன். "அதான் நியாயம் மாஷே" என்று சொல்லிச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டாள். ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம். எனக்குப் பாதி சந்தோஷம் அதிலேயே போயிற்று.

அக்டோபர் 9, திங்கள்

புது அறைக்கு வந்து இரண்டு வாரம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதல் நாள் பிள்ளைகள் பழைய வழக்கத்தில் ஒரே மூலையில் போய் அடைந்துகொண்டார்கள். ஒழுகாது, பரந்து உட்காருங்கள் என்று பிடித்துப் பிடித்து உட்கார வைத்தேன். மறுநாளே அவரவர் இடம் என்று சண்டை. தும்மல் நின்றுவிட்டது. மதியத்துக்கு மேல் தூங்கி விழுகிறதும் இல்லை. குழாய் வாசலில் இருப்பதால் தண்ணீர் குடிக்கிறார்கள். ஷெட்டில் இருந்தபோது இவர்கள் தண்ணீரே குடிக்க மாட்டார்கள் என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

மூக்கம்மாள் கடன் வாங்கிக் கழிக்கிற கணக்கைப் போட்டாள். தப்பில்லாமல். இன்னொன்று கொடுத்தேன், அதையும். "எப்படிடீ இப்ப வருது?" என்றேன்.

"இப்ப போர்டு தெரியுதுல்ல டீச்சர்" என்றாள்.

நானும் கத்துவதில்லை. கத்தத் தேவையில்லை, சொன்னால் கடைசிப் பெஞ்சுக்குக் கேட்கிறது. பிரம்பு அலமாரிமேல் கிடக்கிறது. எனக்குக் கோபமே வராதது எனக்கே பயமாக இருக்கிறது.

அக்டோபர் 20, வெள்ளி

ஷெட்டிலிருந்து திரேசியாவின் குரல் கேட்கிறது. அவளுக்குக் குரல் உண்டு என்றே இன்றைக்குத்தான் தெரியும். "மிண்டாதிரி! மிண்டாதிரி!" என்று, பேசாதே பேசாதே என்று கத்துகிறாள். ஒரு பிள்ளையை அடித்தாளாம்.

இனித்தது. ஆமாம், இனித்தது.

நவம்பர் 15, புதன்

மாதப் பரீட்சை. என் பிள்ளைகள் பெரும்பாலும் தேறிவிட்டார்கள். மூக்கம்மாள் கணக்கில் இரண்டாவது. திரேசியா வகுப்பில் எப்போதும் முதல் வரும் துறைமுகக் கிளார்க் ஒருவரின் மகள் மிளகாய்க் கண்ணோடு உட்கார்ந்து பாதித் தாளை வெறுமையாகக் கொடுத்திருக்கிறாள்.

பறந்துகொண்டு ஹெட்மாஷிடம் மார்க்கைக் கொண்டுபோனேன். பார்த்தார். சந்தோஷம்தான்.

"கண்டோ டீச்சரே! நல்ல முறி கிட்டியதும் பிள்ளைகள் எத்தனை மாறிப்போச்சு!"

அப்போ அவள் இருந்தால் டீச்சர் சாமர்த்தியம், நான் இருந்தால் அறை சாமர்த்தியமா? ஏன்யா, ஜன்னலா வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தது? நான் தொண்டை கிழிய நின்னப்போ கட்டிடம் பாடம் எடுக்காது, இப்ப மட்டும் எடுக்குதோ?

வீட்டில் அவரிடம் சொன்னேன். சாதத்தைப் பிசைந்தவர் நிறுத்தினார். "ஜூன்லயிருந்து நீயும் அதத்தானே சொன்ன? அறைதான் காரணம்னு?"

சொன்னேன்தான். நான் சொன்னால் நியாயம், அந்த மனுஷன் சொன்னால் பற்றிக்கொண்டு வருகிறது. இப்போது அவள்மேல் மட்டும் இல்லை, அந்த நாலு சுவர்மேலும் பொறாமை. இந்த மாதிரி ஒரு பொம்பளை உண்டா?

நவம்பர் 24, வெள்ளி

இன்ஸ்பெக்ஷன். டிசம்பர் ஒன்றாம் தேதி ஆபீஸர் வருகிறார். மூன்றாம் வகுப்புகள் இரண்டையும் தானே வாசிக்கச் சொல்லிக் கேட்பாராம். அதை வைத்துத்தான் தமிழ் டிவிஷன் இருக்குமா போகுமா என்பது முடிவு. ஹெட்மாஷ் என்னிடம் தனியாகச் சொன்னார்.

சமையல்கட்டுக் காலண்டரைப் பார்த்தேன். முப்பதாம் தேதி அமாவாசை.

நவம்பர் 29, புதன்

அமாவாசைக்கு மறுநாள்தான் தண்ணீர் ரொம்ப ஏறும். காலை பத்தரைக்கு மேல் ஓடையில் குமிழி விடும், பிறகு வாசற்படி, பிறகு உள்ளே. ஆபீஸர் பதினொரு மணிக்குள் வராமல் இருக்க மாட்டார்.

திரேசியாவுக்குத் தெரியாது. தெரிந்திருக்காது. அவள் ஷெட்டுக்குப் போனதே ஓணத்துக்குப் பிறகு. விருச்சிகத் தண்ணீரை அந்த ஷெட்டுக்குள் அவள் பார்த்ததில்லை. போன பௌர்ணமிக்கு ஓடையோடு நின்றுவிட்டது.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிள்ளைகளை வராந்தாவில் உட்கார வைத்துவிடுவாள். அங்கே வைத்து அழகாக வாசிக்க வைப்பாள், ஆபீஸர் தலையை ஆட்டுவார்.

சொல்லவா?

மூன்று விருச்சிகம் நான் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தேனே, யார் வந்து எனக்குச் சொன்னார்கள்?

நவம்பர் 30, வியாழன்

சாயா குடிக்கும்போது திரேசியா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். குரல் கட்டிப்போய், கண்ணுக்குக் கீழே கருத்து, ஆளே பாதியாகிவிட்டாள். "நாளைக்கு என்னாகுமோ சீனி டீச்சரே" என்றாள்.

"எல்லாம் நல்லபடியா ஆகும்" என்றேன்.

டிசம்பர் 1, வெள்ளி

ஆபீஸர் முதலில் ஷெட்டுக்குத்தான் போனார். நான் என் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஜன்னலுக்கு எல்லாம் தெரியும்.

பிள்ளை ஒன்று எழுந்து வாசிக்க ஆரம்பித்தது. தண்ணீர் வந்துவிட்டது. கறுப்பாக, வத்தல் விதையும் சக்கையும் மிதக்க. என் பிள்ளைகள் என்றால் வாசிப்பை நிறுத்தாமலே காலைத் தூக்கி வைத்திருப்பார்கள். இவர்கள் அலறினார்கள். பெஞ்ச்மேல் ஏறினார்கள், ஒன்று அடுத்ததைத் தள்ளிவிட்டது, ஸ்லேட் விழுந்து உடைந்தது, ஒரு குழந்தை பயத்தில் நின்ற இடத்திலேயே அழுதது. ஆபீஸர் ஷூவோடு கணுக்கால் தண்ணீரில் நின்றார். திரேசியா ஒரு பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நின்றாள்.

பிறகு ஈரக் காலோடு என் வகுப்புக்கு வந்தார். என் பிள்ளைகள் பிசிறில்லாமல் வாசித்தார்கள். மூக்கம்மாள் போர்டில் கணக்குப் போட்டுக் காட்டினாள். "மிடுக்கி" என்றார்.

ஜெயித்துவிட்டேன். மதியம் சோறு இறங்கவில்லை. பசியில்லை, அவ்வளவுதான்.

டிசம்பர் 20, புதன்

கிறிஸ்துமஸ் லீவு. திரேசியா வழக்கம்போல் அச்சப்பம் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். 

1979 ஜனவரி 8, திங்கள்

ஆர்டர் வந்துவிட்டது. ஹெட்மாஷ் படித்துக் காட்டினார். என் கையில் வாங்கி நானும் படித்தேன்.

ஷெட்டில் இனி ஒரு குழந்தையும் உட்காரக் கூடாது. உடனே பூட்ட வேண்டும். வேறு இடம் இல்லாததால் எண்ணிக்கை குறைந்த டிவிஷனை மற்றதோடு சேர்த்துப் புதுக்கட்டிடத்தில் ஒரே வகுப்பாக நடத்த வேண்டும். தமிழ்ப் பிள்ளைகளின் வாசிப்பு மெச்சத்தக்கது, ஆகையால் மலையாள வகுப்பில் சேர்ந்தாலும் சிரமம் இருக்காது.

மெச்சத்தக்கதாம்.

என் கையாலேயே பூட்டிட்டேன். நான் வாயைத் திறந்திருந்தா அவங்க வராந்தாவுல உக்காந்திருப்பாங்க, அந்தாளு தண்ணியப் பாத்திருக்க மாட்டான், ஷெட்டும் இருந்திருக்கும், என் டிவிஷனும் இருந்திருக்கும். பாவி. யாரைச் சொல்றேன்? என்னைத்தான்.

ஜனவரி 10, புதன்

பிச்சையிடம் ஓடினேன். யூனியனைக் கூட்டுங்க, தமிழ் வகுப்பை எடுத்துட்டாங்க, சும்மா விடலாமா என்றேன். மூட்டை இறக்கிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு டீச்சர்? பிள்ளை நல்ல ரூம்ல இருக்கா. இருமல் நின்னு போச்சு, ராத்திரி கண்ணு கசக்கறதில்ல. அது போதும். மலையாளம் படிச்சா இங்கயே ஒரு வேலைக்கும் ஆகும்."

 படகுத்துறை தாண்டின பிறகும் எனக்குப் பதில் தோன்றவில்லை.

ஜனவரி 12, வெள்ளி

இதை எழுதாமல் இருக்க முடியாது.

இன்று ஷெட்டிலிருந்து சாமான் எடுத்தோம், நானும் திரேசியாவும். வெளுத்த போர்டை இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு வந்தபோது அவள் அழுதுவிட்டாள்.

"எனக்குத் தெரியும் டீச்சரே" என்றாள். "அந்த வெள்ளம் வரும்னு எனக்குத் தெரியும். முந்தின நாள் உங்க மூக்கம்மா ஓடி வந்து சொன்னா. பெஞ்சைச் சுவர்ப்பக்கம் தள்ளிப் போடுங்க, நாளைக்கு வெள்ளம் ஏறும்னு."

"தெரிஞ்சுமா உள்ள உக்கார வச்சே?"

"ஒரு நாள் அந்த ஆபீஸரோட கால் நனையட்டும்னு நினைச்சேன். ரெண்டு மாசத்துல எனக்கே குரல் போச்சு. நீங்க எத்தனை வருஷம் இருந்தீங்க. கண்ணால பாத்தா இன்னொரு முறி கட்டித் தருவாங்க, உங்க பிள்ளைங்களுக்குப் புது முறியே நிக்கும்னு நினைச்சேன். இப்படி ஆகும்னு தெரியலே."

என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, "வெள்ளம் வரும்" என்று முந்தின நாளே சொன்ன மூக்கம்மாளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். பிள்ளைக்கு என்ன அறிவு, என்ன அறிவு என்று. எட்டு வயசுப் பிள்ளை சொல்லியிருக்கிறது. நான் சொல்லவில்லை. அது திரேசியாவுக்கு நன்றாகத் தெரியும். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து "நல்லபடியா ஆகும்" என்று சொன்னபோதே தெரிந்திருக்கும். ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருப்பேன்.

நான் எரிச்சலில் மறைத்தேன், அவள் எனக்காக மறைத்தாள். அதிலும் அவளுக்கே முதல் மார்க். எனக்கு இன்னமும் அவள்மேல் பொறாமைதான், குறையவே இல்லை.

ஜனவரி 15, திங்கள்

ஒரே வகுப்பு. திரேசியா போர்டுப் பக்கம். வகுப்பின் பின்பக்கம் எனக்கு ஒரு நாற்காலி. தமிழ்ப் பிள்ளைகளுக்குப் புரியாததை நான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

மார்ச் 9, வெள்ளி

என்னிடம் சந்தேகம் கேட்டு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். எல்லோருக்கும் போர்டு தெரிகிறது.

அக்டோபர் 12, வெள்ளி

அரைப் பரீட்சைத் தாள்களைத் திரேசியாவும் நானும் சேர்ந்து திருத்தினோம். பிள்ளைகள் இதே அறையில் நாலாம் வகுப்புக்கு வந்தபோதும் என்னைப் பின்னால் நாற்காலியில் வைத்திருக்கச் சொல்லி ஹெட்மாஷிடம் கேட்டு வாங்கினவள் அவள்தான். கணக்கில் மூக்கம்மாள் முதல். துறைமுகக் கிளார்க் மகள் இரண்டாவது. தாளை என் பக்கம் தள்ளி, "நீங்களே மார்க் போடுங்க" என்றாள் திரேசியா. போட்டேன். கூட்டிப் பார்த்துவிட்டு, மறுபடியும் ஒரு தடவை கூட்டிப் பார்த்தேன்.

கடைசிப் பீரியடில் காற்று நன்றாக வந்தது. பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். மூக்கம்மாள் எழுந்து நேரே என்னிடம் வந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு என்னிடம். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"டீச்சரே, ஞான் புறத்து போய் வெள்ளம் குடிச்சோட்டே?"

அவளுக்கு அது மலையாளம் என்றே தோன்றவில்லை. தமிழில் கேளடி என்று வாய்வரை வந்தது. குழாய் வாசலிலேயே இருக்கிறது, பிள்ளைக்குத் தாகம்.

"போய்க்கோ மோளே" என்றேன்.